அண்டக் கதிர் கண்ட அறிஞர்

வானத்தை நோக்கி வியவாத மாந்தர் இலர். ஞாயிறும் திங்களும் விண்மீன்களும் கண்ணுக்குப் புலனாவன. ஆதலின் பண்டைநாள் தொட்டே மக்கள் அவற்றிற்குப் பெயரிட்டு வழங்கியும், அவற்றின் இயக்கத்தைக் கணித்தும் வந்தனர். ஆனால், விண்ணிலிருந்து நம்மை நோக்கி வருவது ஒளி மட்டும் அன்று. கண்ணாற் காணவும் மெய்யால் உணரவும் இயலாத நுண்துகள்கள் பல, இரவென்றும் பகலென்றும் பாராது, நிலவுலகின்மீது இடையறாமல் பொழிந்துகொண்டிருக்கின்றன. கடற்கரையில் நின்று நம் உள்ளங்கையை விரித்தால், அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும், அவற்றின் வழியே தோன்றிய துகள்களுள் ஏறத்தாழ நிமிடத்திற்கு ஒன்று ஊடுருவிச் செல்கிறது. இவ்வாறு ஒரு மழை பெய்துகொண்டிருத்தலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகம் அறிந்திலது. அதனை அறிவித்தவர் ஆஸ்திரிய நாட்டு அறிஞராகிய விக்டர் ஹெஸ் என்பவர். அரண்மனை போன்ற ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து அவர் இவ்வுண்மையைக் கண்டிலர். காற்று மெலிந்த நடுவானில், பலூனின் கூடையொன்றில் நின்று கண்டார்.

ஆஸ்திரியாவில் ஸ்டைரியா என்னும் மலைநாட்டில், பெக்காவ் என்ற ஊரின் அருகில் வால்ட்ஸ்டைன் என்னும் மாளிகை உண்டு. அங்கே பெருங்குடிச் செல்வர் ஒருவரிடத்தில் காடு காக்கும் அலுவலராக ஹெஸ்ஸின் தந்தையார் பணியாற்றி வந்தார். அம்மாளிகையில் 1883-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 24-ஆம் நாள் விக்டர் ஹெஸ் பிறந்தார். பள்ளிக் கல்வியையும் பல்கலைக்கழகக் கல்வியையும் கிராட்ஸ் நகரிலேயே பெற்றார். இயற்பியலில் பெருவிருப்பங் கொண்டு பயின்று, 1906-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் எய்தினார்.

ஒளியைப்பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபடவேண்டும் என்பதே அந்நாளில் அவருடைய வேட்கையாக இருந்தது. ஆதலின், பெர்லின் நகரில் ஒளியியல் வல்லுநராகப் புகழ்பெற்று விளங்கிய பால் ட்ரூட என்பாரிடம் சென்று பயிலக் கருதினார். அவர் புறப்படுதற்குச் சில கிழமைகளுக்கு முன் ட்ரூட எதிர்பாரா வகையில் உயிர்நீத்தார். எண்ணியிருந்த வழி அடைபட்டது. இளைஞர் மனம் தளர்ந்திலர். வியன்னா நகரை அடைந்து, பிரான்ஸ் எக்ஸ்னர் என்னும் பேராசிரியரிடம் அமர்ந்தார். அப்போது புதிதாகக் கிளர்ந்து வந்த கதிரியக்க ஆராய்ச்சியில் அவர் கருத்துப் பதிந்தது. 1910-இல் வியன்னாவில் ரேடிய ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றபோது, அங்கே துணையாளராக அமர்ந்தார். ஒளியை நாடிச் சென்றவரை ஊழ் ஒளிபடாத் துறையொன்றில் கொண்டுவந்து நிறுத்தியது. அதுவே அவர் புகழுக்கு வாயிலாயிற்று.

அக்காலத்து அறிஞர்களைக் குழப்பிய புதிர் ஒன்று இருந்தது. மின்காட்டி என்னும் கருவியை மாணவர் அறிவர். மெல்லிய இரண்டு உலோகத் தகடுகளுக்கு மின்னேற்றினால், அவை ஒன்றையொன்று விலக்கி விரிந்து நிற்கும். சுற்றியுள்ள காற்று மின்சாரத்தைக் கடத்துமாயின், மின்னேற்றம் சிறிது சிறிதாகக் கசிந்து, தகடுகள் மீண்டும் ஒன்றுகூடும். உலர்ந்த தூய காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும், எவ்வளவு நன்றாக மூடிக் காத்தாலும், மின்காட்டியின் தகடுகள் மெல்ல மெல்லக் கூடவே செய்தன. காற்றணுக்களைப் பிளந்து மின்னேற்றம் உடையனவாக மாற்றும் ஏதோ ஒன்று கருவிக்குள் புகுகின்றது என்பது இதனால் விளங்கிற்று. அவ்வாறு மாறிய அணுக்களை அயனிகள் என்பர். ரேடியம் முதலிய பொருள்களிலிருந்து எழும் கதிர்கள் இச்செயலைச் செய்யவல்லன. நிலத்திலுள்ள பாறைகளிலும் மண்ணிலும் அத்தகைய பொருள்கள் சிறிதளவு கலந்திருப்பதால், அவையே இதற்குக் காரணம் என்று பெரும்பாலோர் துணிந்தனர்.

அத்துணிவு மெய்யாயின், நிலத்தைவிட்டு உயரச் செல்லச் செல்ல அயனிகள் குறைதல் வேண்டும். இதனைச் சோதிக்க விரும்பிய தியோடர் வுல்ப் என்னும் பாதிரியார், நுண்ணிய மின்மானி ஒன்றைத் தாமே அமைத்தார். 1910-இல் அதனை எடுத்துக்கொண்டு பாரிசு நகரத்து ஈபெல் கோபுரத்தின்மீது ஏறினார். 300 மீட்டர் உயரத்தில் அயனிகள் மிகப் பெரிதும் குறைந்திருத்தல் வேண்டும். ஆனால் அவை பாதியளவுகூடக் குறையவில்லை. சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பர்ட் காக்கல் என்பார் பலூனில் ஏறிச் சென்று, மேலே சென்றும் எதிர்பார்த்த குறைவு இல்லாமை கண்டார். இத்தாலி நாட்டு டொமினிகோ பசினி என்பார் 1911-இல் கருவியைக் கடல்நீரின் கீழ் 3 மீட்டர் ஆழத்தில் இறக்கினார். நீருக்குள் அயனிகள் குறைந்தமையின், கதிர்களுள் ஒரு பகுதி நிலத்திலிருந்து எழுவதன்று என்று கருதினார். இவ்வாறு ஐயம் வலுத்ததேயன்றி, உறுதியான விடை கிட்டவில்லை.

இந்நிலையில் ஹெஸ் இவ்வினாவை மேற்கொண்டார். அவர் உடனே பலூனில் ஏறிவிடவில்லை. முதலில் நிலத்திலேயே ஒரு சோதனை செய்தார். ஆற்றல் மிக்க ரேடியத்தை ஓரிடத்தில் வைத்து, மின்மானியைப் படிப்படியாக 90 மீட்டர் தொலைவு வரை நகர்த்தி, இடையிலுள்ள காற்று அக்கதிர்களை எவ்வளவு விழுங்குகின்றது என்று அளந்தார். நிலத்திலிருந்து எழும் கதிர்கள் 500 மீட்டர் உயரத்திற்குள் ஏறத்தாழ முற்றும் மறைந்துவிடும் என்பது அவ்வளவீட்டால் தெளிவாயிற்று. அடுத்துக் கருவிகளின்மேல் கருத்தைச் செலுத்தினார். உயரத்தில் காற்றின் அழுத்தம் குறையும்; குளிர் மிகும். அம்மாற்றங்கள் கருவிக்குள் புகுந்தால், பெறும் அளவு பொய்யாகிவிடும். ஆதலின், காற்றுப் புகாவண்ணம் இறுக மூடிய, தடித்த சுவருடைய மின்மானிகளைச் செய்வித்துக்கொண்டார். ஒரு கருவி பிழைபடின் மற்றொன்று காட்டிக் கொடுக்குமாறு ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை உடன்கொண்டு செல்லவும் முடிவு செய்தார். பிறர் கொள்கையை ஐயுறுமுன் தம் கருவியை ஐயுற்றமையே அவருடைய ஆராய்ச்சியின் தனிச்சிறப்பு எனலாம்.

1911-ஆம் ஆண்டில் இருமுறையும், 1912-ஆம் ஆண்டில் ஏழுமுறையும் அவர் வானில் ஏறினார். அந்நாளில் பலூன் பயணம் எளிதன்று. காற்று வீசிய திசையில் செல்வதன்றித் திருப்பிச் செலுத்த வழி இல்லை. எங்கே இறங்குவோம் என்பதும் தெரியாது. தலைக்குமேலே உள்ள வாயு சிறுபொறி பட்டாலும் தீப்பற்றும். இவற்றையெல்லாம் அறிந்தே ஹெஸ் பகலிலும் ஏறினார், இரவிலும் ஏறினார். இரவில் அயனிகள் குறைந்தில. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 17-ஆம் நாள் ஞாயிற்றைத் திங்கள் மறைத்த பொழுதும் அவர் வானில் இருந்தார். ஞாயிற்றின் ஒளி மங்கியது. ஆனால் மின்மானியின் அளவு மங்கவில்லை. ஆதலின், இக்கதிர்களின் பெரும்பகுதி ஞாயிற்றிலிருந்து வருவதன்று என்பது பெறப்பட்டது.

இனி, மிக்க உயரத்திற்குச் செல்லுதல் ஒன்றே எஞ்சியிருந்தது. வியன்னாவில் பலூன்களில் நிரப்பப்பெற்ற நிலக்கரி வாயு அவ்வளவு உயரத்திற்குத் தூக்கவல்லதன்று. பொகீமிய நாட்டில் எல்பே ஆற்றங்கரையில் அமைந்த அவுசிக் என்னும் ஊரில் இருந்த வேதியியல் தொழிற்சாலையொன்றில் ஹைட்ரஜன் வாயு கிடைத்தது. எல்லா வாயுக்களினும் எடை குறைந்தது அதுவேயாதலின், ஹெஸ் அவ்வூரை நாடிச் சென்றார். 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7-ஆம் நாள் காலை 6 மணி கடந்து சில நிமிடங்களில், அவரும், பலூனைச் செலுத்துவார் ஒருவரும், வானிலை குறிப்பார் ஒருவரும் ஆக மூவர் கூடையில் ஏறி எழுந்தனர். மூன்று மின்மானிகள் உடன் இருந்தன.

பலூன் வடதிசை நோக்கி மிதந்து உயர்ந்தது. ஹெஸ் கருவிகளின் கண்ணாடியைக் குனிந்து நோக்கி, நுண்ணிய இழைகள் நெருங்கும் அளவைக் குறித்துக்கொண்டே வந்தார். முதல் 1,000 மீட்டர் வரை அயனிகள் சிறிது குறைந்தன. நிலத்துக் கதிர்கள் மறைந்தமையே அதற்குக் காரணம். அதன்பின் குறைவு நின்றது, அளவு ஏறத்தொடங்கியது. 2,000 மீட்டரைக் கடந்தபின் ஏற்றம் ஐயத்திற்கு இடமின்றிப் புலனாயிற்று. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிந்தது; மூச்சு முட்டியது; உடல் சோர்ந்தது. உயிர்வளி நிரப்பிய கலங்களின் துணைகொண்டு மூவரும் மூச்சுவிட்டனர். பலூன் 5,350 மீட்டர் உயரத்தை எட்டியது. அவ்வுயரத்தை அடுத்த நிலைகளில் அயனிகளின் அளவு, நிலத்தில் கண்டதைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஒரு கருவி மட்டும் அன்று. உடன்கொண்டு சென்ற பிற கருவிகளும் அவ்வேற்றத்தையே காட்டின. நண்பகல் கழிந்த சிறிது நேரத்தில், புறப்பட்ட இடத்திற்கு வடக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், பெர்லினுக்குக் கிழக்கேயுள்ள பீஸ்கோவ் என்னும் ஊரில் பலூன் இறங்கிற்று.

அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் ஹெஸ் தம் முடிவை வெளியிட்டார். மிகுந்த ஊடுருவும் ஆற்றல் வாய்ந்த கதிர்கள் மேலிருந்து வளிமண்டலத்துள் புகுகின்றன என்பதே அவர் கண்ட முடிவு. மிகச் சில பக்கங்களில் அடங்கிய அக்கட்டுரை, வானியலுக்குப் புதியதொரு சாளரத்தைத் திறந்துவிட்டது. அதுவரை விண்ணுலகச் செய்தியை ஒளி ஒன்றே கொணர்ந்தது. இனித் துகள்களும் கொணரும் என்பது அன்று உறுதியாயிற்று.

எனினும், புத்துண்மையை உலகம் உடனே ஏற்பது அரிது. கருவியின் பிழையாக இருக்கலாம் என்றனர் சிலர். வளிமண்டலத்தின் மேற்பகுதியிலேயே அக்கதிர்கள் தோன்றுதல் கூடும் என்றனர் வேறு சிலர். வெர்னர் கோல்ஹார்ஸ்டர் என்னும் செருமானியர் 1913, 1914-ஆம் ஆண்டுகளில் 9,000 மீட்டருக்கும் மேல் ஏறி, ஹெஸ் கண்டது மெய்யே என்று நிறுவினார். அதற்குள் முதல் உலகப்போர் மூண்டமையால் ஆராய்ச்சி தடைப்பட்டது. போருக்குப்பின் அமெரிக்காவில் ராபர்ட் மில்லிகன் என்னும் பேரறிஞர் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். அவரும் தொடக்கத்தில் ஹெஸ்ஸின் முடிவை ஏற்றிலர். பின்னர் மலைமேலுள்ள ஏரிகளின் ஆழத்தில் கருவிகளை இறக்கிச் சோதித்து, 1925-இல் கதிர்கள் விண்ணிலிருந்து வருவது உண்மையே என்று ஒப்புக்கொண்டு, அவற்றிற்கு அண்டக் கதிர்கள் என்னும் பெயரையும் இட்டார். செய்தித்தாள்கள் சில அக்கதிர்களை மில்லிகன் பெயராலேயே வழங்கத் தலைப்பட்டன. தம் உழைப்பின் பயன் பிறர் பெயரால் வழங்குதல் கண்டு ஹெஸ் வாளா இருந்திலர். தாமும் பிறரும் முன்னரே நிறுவியவற்றை ஆண்டும் நாளும் காட்டி எழுதினார்.

அக்கதிர்கள் யாவை என்பது பின்னரே படிப்படியாக விளங்கிற்று. நிலநடுக்கோட்டின் அருகில் அவை குறைந்தும், துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல மிகுந்தும் காணப்பட்டன. உலகின் பல இடங்களில் அளவெடுக்கச் செய்து, ஆர்தர் காம்ப்டன் என்பார் 1930-களில் இதனை உறுதிப்படுத்தினார். நிலவுலகின் காந்த ஆற்றல் ஒளியை வளைக்காது. மின்னேற்றமுடைய துகள்களையே வளைக்கும். ஆதலின், கதிர் என்று பெயர் பெற்றவை உண்மையில் துகள்களே என்பது துணியப்பட்டது. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு ஹைட்ரஜனின் அணுக்கருவாகிய புரோட்டான்கள் என்று இன்று அறிகிறோம். அவை வளிமண்டலத்தில் மோதிச் சிதறும்போது வேறுபல துகள்கள் பிறக்கின்றன. 1932-இல் கார்ல் ஆண்டர்சன் என்னும் இளம் அமெரிக்கர், இக்கதிர்களை ஆராயுங்கால், எலெக்ட்ரானை ஒத்ததும் எதிர்வகை மின்னேற்றம் உடையதுமான பாசிட்ரானைக் கண்டார். அணுவின் உள்ளே நுழைந்து பார்க்கவும் விண் அனுப்பிய துகளே துணையாயிற்று.

இக்காலத்தில் ஹெஸ் பல பொறுப்புகளை ஏற்றுத் திறம்பட நடத்தினார். 1921 முதல் 1923 வரை அமெரிக்காவில் ரேடியத் தொழில் நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்திற்குத் தலைமை தாங்கினார். பின்னர்த் தாய்நாடு திரும்பிக் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1931-இல் இன்ஸ்புருக் நகரில் பதவி ஏற்று, அதன் அருகில் 2,300 மீட்டர் உயரமுள்ள ஹாபெலேக்கர் மலையில் அண்டக் கதிர்களை இடையறாது அளக்கும் நிலையம் ஒன்றை நிறுவினார். நெடுங்காலம் ரேடியத்தைக் கையாண்டமையின் தீமை அவர் உடலைத் தாக்கிற்று. 1934-இல் கட்டைவிரல் ஒன்றை அறுத்து நீக்க நேர்ந்தது. ஆராய்ச்சிக்கு அவர் கொடுத்த விலை அது.

1936-ஆம் ஆண்டில் இயற்பியலுக்குரிய நோபல் பரிசு ஹெஸ்ஸுக்கும் ஆண்டர்சனுக்கும் பகிர்ந்து அளிக்கப்பெற்றது. பலூன் பயணம் நிகழ்ந்து 24 ஆண்டுகள் கழிந்திருந்தன. பசினியோ, 1934-ஆம் ஆண்டிலேயே உயிர்நீத்துவிட்டார். உண்மை வெல்வது உறுதி. ஆயினும் அவ்வெற்றியைக் காணும்வரை வாழும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

புகழின் உச்சியில் இருந்த ஹெஸ்ஸை ஈராண்டுகளுக்குள் பெருந்துன்பம் சூழ்ந்தது. 1938-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுள் புகுந்தன. ஹெஸ் உறுதியான கத்தோலிக்கர். நாஜிக் கொள்கையை ஏற்காதவர். அவருடைய துணைவியாரோ யூத மரபில் வந்தவர். இவையே குற்றங்களாகக் கருதப்பட்டு, அவர் பேராசிரியர் பதவியினின்றும் நீக்கப்பட்டார். கொள்கையை மாற்றிக்கொண்டு மனைவியைக் கைவிட்டவர்கள் அந்நாளில் பதவியோடு வாழ்ந்தது உண்டு. ஹெஸ் அவ்வழியை நாடினார் இலர். சிறைப்படும் இடர் நெருங்குவதை அறிந்து, துணைவியாருடன் சுவிட்சர்லாந்தை அடைந்து, அங்கிருந்து அமெரிக்காவுக்குச் சென்றார். ஆய்வுக்கூடமும் பிறந்த மண்ணும் பின்னே நின்றுவிட்டன. அவரோடு சென்றது அவர் கற்ற கல்வி ஒன்றே.

நியூயார்க் நகரத்துப் போர்டாம் பல்கலைக்கழகம் அவரை வரவேற்றுப் பேராசிரியராக்கிற்று. 55 வயதில் அயல்நாட்டில் வாழ்வைப் புதிதாகத் தொடங்கிய அவர், 1944-இல் அமெரிக்கக் குடிமகனானார். 1945-இல் ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு வீசப்பட்டபின், அதன் கதிரியக்கத் துகள்கள் காற்றோடு பரவி எங்கெங்கு விழுகின்றன என்னும் கவலை எழுந்தது. அதனை ஆராயும் பணியில் ஹெஸ் ஈடுபட்டு, எம்பயர் ஸ்டேட் மாளிகையின் உச்சியில் கருவிகளை வைத்து அளந்தார். விண்ணிலிருந்து இயற்கை பொழியும் கதிர்களை இளமையில் அளந்த அதே கை, மனிதன் தூவிய நஞ்சை முதுமையில் அளக்க நேர்ந்தது. கதிரியக்கத்தின் கேட்டைத் தம் உடலிலேயே அறிந்தவராதலின், அணுகுண்டுச் சோதனைகள் கூடா என்று அவர் வற்புறுத்தினார். 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த மவுண்ட் வெர்னன் என்னும் ஊரில், தம் 81-ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் திறந்த சாளரம் இன்று பெருவாயிலாக விரிந்துள்ளது. பெருவிண்மீன்கள் வெடித்துச் சிதறும்போது எழும் அதிர்ச்சியலைகள் துகள்களுக்குப் பெருவிரைவு ஊட்டுதலை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கோடிக்கணக்கான விண்மீன்களைக் கொண்ட திரள்களின் கூட்டங்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களிலும் துகள்கள் அவ்வாறு விரைவு பெறுதலை ரேடியோத் தொலைநோக்கிகள் காட்டியுள்ளன. தென்னமெரிக்காவில் அர்செந்தீனா நாட்டுச் சமவெளியில், ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், 1,600-க்கும் மேற்பட்ட நீர்த்தொட்டிகள் அண்டக் கதிர்களின் வரவை நோக்கிக் காத்திருக்கின்றன. நம் தமிழகத்து உதகமண்டலத்திலும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அண்டக் கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்து ஆராய்ந்து வருகின்றனர். ஆப்பிரிக்காவில் நமீபிய நாட்டில் 2002-ஆம் ஆண்டு முதல் இயங்கத் தொடங்கிய தொலைநோக்கிகளின் தொகுதிக்கு ஹெஸ்ஸின் பெயரே அமையுமாறு பெயர் சூட்டப்பெற்றுள்ளது.

மாணவர்களே! ஹெஸ் கொண்டு சென்ற கருவி மிகச் சிறியது. அவர் நின்ற கூடையும் சிறியது. ஆனால் ஐயத்தை அகற்றாமல் எதையும் துணிதல் கூடாது என்னும் அவருடைய மனவுறுதி பெரியது. நிலமே காரணம் என்று பலரும் கூறியபோது, அவர் அதனை மறுத்தும் பேசவில்லை, நம்பியும் இருந்துவிடவில்லை, ஏறிச் சென்று அளந்து பார்த்தார். அளந்து கண்டதனை ஐயுற்றோர் பின்னர் ஏற்றுக்கொண்டனர். அவரைப் பதவியினின்று நீக்கிய அரசு, எழாண்டுகளுக்குள் தானே அழிந்தொழிந்தது. அவர் கண்ட உண்மையோ, விண்ணிலிருந்து பொழியும் அத்துகள்களைப்போல, நாடும் எல்லையும் கடந்து உலகெங்கும் பரவி நிற்கின்றது.